புளொப்பிக்குச் சந்தனப் பொட்டு

என்னுடைய முதல் கணினிப் பாடம் மாமாவின் இடது கையில் எழுதப்பட்டு வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பனியில் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை. அங்கே பழைய கணினிகளைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்கினார்கள். கழித்தவற்றில் ஒன்றை எனக்கென்று கேட்டு வாங்கிவிட்டார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனாலும் வெறும் பெட்டியைக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை, அதைப் பேச வைக்கிற மந்திரமும் வேண்டும் என்கிற அளவுக்கு விபரம் தெரிந்தவர். கந்தோரில் இருந்த கிளாக்கருக்கு முன்னால் கையை நீட்டி, "இதில எழுதிவிடுங்கோ ஐயா, கடதாசி எண்டால் துலைச்சுப்போடுவன்" என்றிருக்கிறார். கிளாக்கரும் சிரித்துக்கொண்டு நீலப் பேனையால் இரண்டு வரி எழுதிவிட்டார்.

சைக்கிள் கரியரில் பெட்டியையும் திரையையும் கயிற்றால் கட்டி, எங்கள் ஊரான சாம்பல்தீவுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றியில் மறித்தார்கள். கட்டை அவிழ்க்கச் சொன்னார்கள். பெட்டியைத் தட்டிப் பார்த்தார்கள். அதற்குள் ஒருவன் மாமாவின் கையில் இருந்த எழுத்தைக் கண்டுவிட்டான். இது என்ன என்று கேட்டதற்கு மாமா உண்மையைச் சொன்னார்: தெரியாது. தன் கையில் எழுதியிருப்பது என்னவென்று தனக்கே தெரியாது என்று சொன்ன ஆளை அவர்கள் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்கள். இங்கிலீஷ் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து வாசிக்கும்வரை வெயிலில் நிற்பாட்டி வைத்தார்கள். அவர் வந்தார், வாசித்தார், போகச் சொன்னார். ஆனால் அந்த வெயிலிலும் வியர்வையிலும் கீழ் வரி முழுவதும் கரைந்து நீலமாய் முழங்கை வரை வழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது மேல் வரி மட்டும்தான். டி, ஐ, ஆர்.

"கீழ ஒண்டு இருந்தது பிள்ளை. நீட்டுச் சொல்லு" என்றார் மாமா. செத்த வீட்டில் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் போன ஆள் அதற்கு முன் கிடையாது. அப்பா ஊர் அலுவல் பார்க்கிற விதானையாரிடம் போனால் பெருவிரலை மையில் தொட்டு வைப்பார். அம்மா இரண்டாம் வகுப்பில் நின்றவர். தன் பெயரை எழுதுவார், அதுவும் யாரும் பார்க்காத நேரத்தில். ஆகவே வீட்டில் இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவள் என்ற பட்டம் போட்டியில்லாமல் என்னிடம் இருந்தது. மேசையில் பெட்டியை வைத்து, மின்சாரம் கொடுத்து, கிளாக்கர் பெட்டியோடு கொடுத்துவிட்டிருந்த சதுரப் புளொப்பியை அதன் வாயில் செருகியபோது எல்லோரும் எனக்குப் பின்னால் நின்றார்கள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. அதன் முனையில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மினுங்கியது. அவ்வளவுதான். பட்டினத்துக் கொம்யூனிகேசன் கடைகளில் இருந்த கணினிகளில் படங்கள் இருந்தன, அம்புக்குறி இருந்தது, பச்சைப் புல்வெளியும் நீல வானமும் இருந்தன. எங்களுடையது அதற்கெல்லாம் முந்திய காலத்து ஆள். அதற்குச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் செய்யும். ஒரு கடைக்கார அண்ணையிடம் அதற்கு வேறு விளையாட்டு ஏதும் போடலாமா என்று மாமா கேட்டிருக்கிறார். "உது மியூசியத்தில வைக்கிற சாமான். இப்பத்தைய கேம் ஒண்டும் உதில ஓடாது" என்று அந்த அண்ணை சொல்லிவிட்டாராம். மாமா திரும்பி வந்து அதை அப்படியே சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு இன்றுவரை நன்றியாக இருக்கிறேன்.

டி, ஐ, ஆர் என்று அடித்தேன். திரை முழுக்கப் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற இடாப்பு மாதிரி. அதில் ஒன்றுதான் கரைந்துபோன நீட்டுச் சொல்லாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மேலே இருந்து ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கினேன். பலவற்றுக்கு எனக்குப் புரியாத ஒரு வரியைச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு பெயருக்கு மட்டும் நீளமான கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு, ஆமா இல்லையா என்று காத்திருந்தது. கேள்வி புரியவில்லை. கேள்வி புரியாத இடத்தில் இல்லை என்று சொல்லுவது எங்கள் ஊரில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும்; சென்றிகள் கற்றுத் தந்தது. நான் இல்லை என்றேன். புளொப்பியில் உள்ளதையெல்லாம் அழித்துவிடவா என்றுதான் அது கேட்டிருக்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தில் முதல் வருசம் படிக்கும்போது அறிந்து, விரிவுரை மண்டபத்தில் தனியாகச் சிரித்தேன்.

கடைசியில் அந்த நீட்டுச் சொல்லைக் கண்டுபிடித்தேன். அது ஒரு விளையாட்டு. ஆனால் ஓட மறுத்தது. அது சொன்ன வரியில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்று இருந்தது: ஞாபகம் என்பதற்கு இங்கிலீஷ் ரீச்சர் சொல்லித் தந்த சொல். ஞாபகம் போதாது என்கிறது. சரி, இவ்வளவு ஞாபகத்தையும் எதற்குச் செலவழிக்கிறது என்று பார்த்தேன். பெட்டி விழிக்கும்போது சில வரிகள் ஓடும். அதில் ஒன்றில் மவுஸ் என்று இருந்தது, அதாவது எலி. எங்களுடைய கணினிக்கு எலியே இல்லை. மாமா அதைக் கொண்டு வரவில்லை. இல்லாத எலிக்கு ஏன் இடம் பிடித்து வைத்திருக்கிறது? விழிக்கும்போது வாசிக்கிற அந்த வரிகளைத் திறந்து திருத்துவதற்கும் இடாப்பில் ஒரு பெயர் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கிழமைக்கு மேல் போனது. எலி வரியை அழித்தேன். அணைத்து, திரும்ப எழுப்பினேன். விளையாட்டு ஓடியது.

"பிள்ளை எலியைத் துரத்திப்போட்டாள்!" என்று அப்பா வேலிக்கு மேலால் அடுத்த வளவுக்குச் சொன்னார். அவர்கள் வீட்டில் உண்மையான எலித்தொல்லை இருந்தபடியால் எங்களிடம் மருந்து கேட்டார்கள்.

அது ஒரு படகு விளையாட்டு. மேலேயிருந்து பார்ப்பதுபோல ஒடுங்கிய கால்வாய், நடுவில் கட்டையான ஒரு படகு. கற்பாறைகள் வரும், மூடித் திறக்கிற கதவுகள் வரும், இடிக்காமல் போக வேண்டும். மிதந்து வருகிற பெட்டிகளைப் பொறுக்கினால் புள்ளி. கால்வாயின் முடிவில் வலது பக்கம் ஒரு கதவு. அதற்குள் நுழைந்தால் அடுத்த கட்டம். நான் பாடசாலையால் வந்ததும் உடுப்பு மாற்றாமல் அதற்கு முன்னால் இருப்பேன். ஒழுங்கையில் உள்ள அயல் வீட்டார் வந்து பார்ப்பார்கள். அப்பா எல்லோருக்கும் ஒரே விளக்கம்தான் கொடுப்பார்: "விளையாட்டு பெரிசில்லை. அதை ஓட வைக்கிறதுதான் படிப்பு." நான் இன்றைக்கு மென்பொருளில் வேலை செய்கிறேன். இதைவிடச் சரியான விளக்கத்தை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இப்போது பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் அண்ணன். அப்பா மீன்பிடிக்கப் போகிற வள்ளம் அவருடையது. எங்கள் வீட்டு முடிவுகளும் ஏறக்குறைய அவருடையவைதான். அந்த வருசம் சண்டையால் கடலுக்குப் போகத் தடை என்பதால் முடிவு எடுப்பதற்கு அவரிடம் நேரமும் நிறைய இருந்தது. தை பிறந்தால் நான் ஆறாம் வகுப்புக்குப் பட்டினத்துப் பள்ளிக்கூடம் போக வேண்டும். இடமும் கிடைத்திருந்தது. பெரியப்பா மறித்தார்.

"பொம்பிளைப் பிள்ளை, தினமும் சென்றி தாண்டிப் போய் வாறதோ? என்ன படிச்சுக் கிழிக்கப் போறாள்? இஞ்ச இருக்கிற பள்ளிக்கூடத்தில ஏலுமானதைப் படிச்சுப்போட்டு வீட்டில இருக்கட்டும்."

அப்பா அண்ணனோடு எதிர்த்துக் கதைத்ததை நான் கண்டதில்லை. அன்றும் அவர் எதிர்க்கவில்லை. "விசயதசமிக்கு வாங்கோ அண்ணை. பிள்ளை மெசினைத் திறப்பாள். பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார். பெரியப்பா ஓம் என்றார். ஆக, என்னுடைய ஆறாம் வகுப்பு அந்தப் பெட்டிக்குள் போய் இருந்துகொண்டது.

சரஸ்வதி பூசைக்கு எல்லா வீட்டிலும் புத்தகங்களை அடுக்கி வைப்பார்கள். எங்கள் வீட்டில் கணினியும் ஏறியது. அம்மா வெள்ளைச் சீலையை நான்காக மடித்து விரித்து, திரைக்கு ஒரு பூமாலை போட்டார். விசைப்பலகைக்கு முன்னால் அவலும் கடலையும் படைத்தார். வைத்தால் எடுக்கக்கூடாது, விசயதசமிக் காலையில்தான் தொடலாம். நான் தொடவில்லை. படகு எந்த எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று மேசையில் விரலால் பழகினேன்.

விசயதசமி அன்று வெள்ளனவே வந்துவிட்டார்கள். பெரியப்பாவுக்குக் கைபிடி வைத்த கதிரையை அப்பா இரவல் வாங்கிப் போட்டிருந்தார். மாமாவும் ஒழுங்கையில் உள்ள ஆம்பிளைகள் சிலரும் சுவரோடு நின்றார்கள். அம்மா கற்பூரம் காட்டினார். நான் மாலையைக் கழற்றிவிட்டு, புளொப்பியைச் செருகி, பொத்தானை அமத்தினேன்.

பெட்டி கர்ரென்றது. திரும்பவும் கர்ரென்றது. வழக்கமாக ஒரு முறைதான் கனைக்கும். பிறகு ஒரு வெள்ளை வரி வந்து நின்றது. தட்டு பிழை, வேறு போடு என்பது அதன் கருத்து. எங்களிடம் வேறு கிடையாது. எழுப்புவதும் விளையாட்டும் எல்லாமே அந்த ஒரு புளொப்பிதான்.

"என்னடா, உன்ர மோளின்ர பெட்டிக்குச் சளி பிடிச்சிருக்கு" என்றார் பெரியப்பா. சுவரோடு நின்றவர்கள் சிரித்தார்கள்.

புளொப்பியை வெளியே எடுத்தேன். அதன் ஓரத்தில் ஒரு தகரக் கதவு உண்டு. அதைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே இருந்த கபில நிறத் தட்டில், வட்டமாய், அழகாய், ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். பெட்டிக்குள் சுற்றிய சுற்றில் அது இழுபட்டு அரை வட்டமாகியிருந்தது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"நீதானே சொன்னனி, எழுத்தெல்லாம் உள்ளுக்குத்தான் இருக்கு எண்டு" என்றார் மெதுவாக. "வெளியில வைச்சால் வெறும் பிளாஸ்ரிக்குக்கு வைச்ச மாதிரி. அதால உள்ளுக்கு வைச்சனான்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. புத்தகத்துக்குப் பொட்டு வைத்தால் எழுத்துக்குத்தான் போய்ச் சேர வேண்டும். எழுத்து எங்கே இருக்கிறதென்று நான் சொன்னேன், அவர் அங்கே வைத்தார். சரஸ்வதிக்கு அவ்வளவு கிட்டப் போய்ப் பொட்டு வைத்த இன்னொரு தாய் எங்கள் மாவட்டத்தில் இருந்திருக்க மாட்டார்.

"நல்ல நேரம் முடியப் போகுது" என்றார் பெரியப்பா. கதிரையின் கைபிடியில் கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கவலை இருந்ததா என்றால், இல்லை. எலிப் பிரச்சினையின்போதும் அப்படித்தான் பார்த்தார்: பிள்ளை யோசிக்கிறாள், பொறுங்கோ.

மாமாவின் கசெற் பெட்டி இழுத்து இழுத்துப் பாடத் தொடங்கினால், அவர் உள்ளேயிருக்கும் பாட்டு வாசிக்கிற தலையைப் பஞ்சில் ஓடிக்கொலோன் தொட்டுத் துடைப்பார். கசெற்றின் நாடாவும் கபிலம்தான், இந்தத் தட்டும் கபிலம்தான். இரண்டும் ஒரே சாதியாக இருக்க வேண்டும். "அம்மா, ஓடிக்கொலோன்" என்றேன். காய்ச்சலுக்கு நெற்றியில் பூசவென்று அலுமாரிக்குள் வைத்திருந்த போத்தலை அம்மா ஓடிப்போய் எடுத்து வந்தார். பஞ்சையும் அவரே பிய்த்து உருட்டித் தந்தார்.

தகரக் கதவை ஒரு விரலால் திறந்து பிடித்தேன். பின்பக்கத்து இரும்பு வட்டத்தில் நகத்தை வைத்துத் தட்டைச் சுற்றினேன். பஞ்சு மஞ்சளாக வந்தது, பிறகு சிவப்பாக வந்தது. பஞ்சை மாற்றினேன். திருப்பித் துடைத்தேன். வீடு முழுக்க ஓடிக்கொலோனும் கற்பூரமும் கலந்து மணத்தது. "ஆருக்குக் காய்ச்சல்?" என்று வாசலில் புதிதாக வந்த ஒருவர் கேட்டார். "மெசினுக்கு" என்றார் பெரியப்பா. ஆனால் அவர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார்.

ஊதிக் காயவைத்துச் செருகினேன். கர்ர். எழும்பியது! நீட்டுச் சொல்லை அடித்தேன். பாதியில் நின்றது. திரையில் மூன்று சொற்கள் வந்து, எதைச் செய்ய என்று கேட்டன. ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் அமத்தலாம். அந்த மூன்றில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஃபெயில். அது இங்கிலீஷே தெரியாதவர்களுக்கும் தெரிந்த சொல். எங்கள் வகுப்பில் ரிப்போட் கொடுக்கிற நாளில் ஒழுங்கை முழுக்கக் கேட்கும். அதை நான் அமத்துவதாக இல்லை. மற்ற இரண்டில் நடுவில் இருந்ததை அமத்தினேன். கர்ர் என்றது, அதே மூன்று சொற்களும் திரும்ப வந்தன. இன்னொரு தரம். கர்ர். திரும்பவும் மூன்று சொற்கள். பெட்டி ஃபெயிலா, ஃபெயிலா என்று கேட்க, நான் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "அவள் விடமாட்டாள்" என்று மாமா பின்னால் யாருக்கோ சொன்னார். எனக்கு விரல் நோகத் தொடங்கிய நேரத்தில் கர்ர் என்ற சத்தம் ஒரு சீரான கிறுகிறுப்பாக மாறியது. திரை ஒரு கணம் இருண்டது. பிறகு கால்வாயும் படகும் வந்து நின்றன.

அப்பா கைதட்டவில்லை. சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நேராக நின்றார்.

நான் என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக விளையாடியதில்லை. பாறைகளை உரசாமல் போனேன். கதவுகள் மூட முன்னம் நுழைந்தேன். மிதந்து வந்த பெட்டி ஒன்றையும் தவற விடவில்லை. பின்னால் நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு புத்தி சொல்லத் தொடங்கினார்கள். "வலிச்சுப் பிடி, வலிச்சுப் பிடி!" "கல்லு இருக்கு, சோழகத்துக்கு விடாத!" விளையாட்டில் சோழகக் காற்று இல்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. புள்ளி ஏறிக்கொண்டே போனது. நான் அதைப் பெரியப்பாவுக்குக் காட்டவென்று ஒரு கையால் சுட்டினேன்.

கால்வாய் முடிந்தது. முடிகிற இடத்தில் கரைகள் விலகி வெறும் நீலம் வரும். அங்கே ஒன்றுமே கிடையாது. பாறை இல்லை, பெட்டி இல்லை, புள்ளி இல்லை. செய்தவர்களுக்கு நேரம் போதாமல் அப்படியே விட்டிருக்க வேண்டும். நான் வழக்கம்போல வலது பக்கத்துக் கதவுக்குள் நுழையத் திருப்பினேன்.

"திருப்பாத" என்றார் பெரியப்பா.

"இதுக்குள்ள போனால்தான் அடுத்த கட்டம், பெரியப்பா."

"நேர விடு."

"அங்கால ஒண்டும் இல்ல. புள்ளி வராது."

"பரவாயில்லை. விடு, பிள்ளை."

நேரே விட்டேன். நீலம் வந்துகொண்டே இருந்தது. கால்வாயின் கரைகள் திரையை விட்டுப் போய்விட்டன. இனிப் படகு போகிறதா நிற்கிறதா என்று சொல்ல அடையாளம் ஒன்றும் இல்லை. பின்னால் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"எத்தினை பாகம் இருக்கும்?" என்று சுவரோடு நின்ற ஒருவர் கேட்டார். ஆழத்தைக் கேட்கிறார்.

"இருவதுக்குக் குறையாது" என்றார் பெரியப்பா.

அது வெறும் நிறம், அதற்கு ஆழம் கிடையாது என்று நான் விளக்கினேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"இஞ்சினை நிப்பாட்டு" என்றார் பெரியப்பா.

விரலை எடுத்தேன். படகு நின்றது. அவர் கதிரையில் முன்னுக்கு நகர்ந்து, இரண்டு முழங்கைகளையும் தொடையில் ஊன்றி, திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அப்பாவும் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா அவலும் கடலையும் கொண்டு வந்து நீட்டியபோது ஒருவரும் கை நீட்டவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. ஓடுகிற அழகையெல்லாம் விட்டுவிட்டு, பிழையாக விடுபட்ட ஓர் இடத்தைப் போய்ப் பார்க்கிறார்களே! இரண்டாம் கட்டத்துக் கதவுகள் எப்படி இரட்டையாகத் திறக்கும் என்று இவர்களுக்குத் தெரியாது. அதைக் காட்டவாவது விட்டால் பெரியப்பா என்னுடைய படிப்பைக் கட்டாயம் ஒத்துக்கொள்வார். நான் மெதுவாக அம்புக்குறி விசையில் விரலை வைத்தேன். அவர் என் கையைப் பிடித்து எடுத்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கயிறு பிடித்துக் காய்த்துப்போன கை அது. இறுக்கிப் பிடிக்கவில்லை, ஆனாலும் விடவில்லை.

வெகுநேரம் கழித்து எழும்பினார். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"தையில அனுப்பு" என்றார் அப்பாவிடம். "காலமை சைக்கிளில நானே ஏத்திக்கொண்டு போய் விடுறன். எனக்கு வேற என்ன வேலை."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அம்மா குசினிக்குள் போய்விட்டார். மாமா தன் இடது கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டி, எல்லாம் இதிலேதான் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் திரையில் இருந்த புள்ளியைப் பார்த்தேன். நல்ல புள்ளிதான். அதைப் பார்த்துத்தான் பெரியப்பா ஒத்துக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் அந்த ஒன்றுமில்லாத இடத்தில் அவ்வளவு நேரம் மறித்து வைத்திராவிட்டால் இன்னும் எவ்வளவோ எடுத்திருப்பேன் என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே குறை.